அட்டைதான் ஆளா?

திருக்கோவிலுக்கு மேற்கே, கடற்கரை வீதியை விட்டு உள்நாட்டுப் பக்கமாகச் சென்றால், குளமும் வயலுமாகக் கிடக்கிறது சாகாமம். மழை பொழிந்தால் நெல். பொழியாது போனால் கடன். அந்த வயல்வெளியில் நாற்பது ஆண்டுகளாகக் களை பிடுங்கியும் கதிர் பொறுக்கியும் காலந்தள்ளிய முஸ்லிம் மூதாட்டி ஒருவர், அண்மையில் ஒரு நாள் பட்டணத்து நொத்தாரிசு ஒருவரின் வாசற்படி ஏறினார். அவருக்கு வேண்டியது பெரிய காரியமன்று. தாய்வழியாகத் தமக்கு வந்த சிறு வளவைத் தம் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வளவிலே நிற்கும் வீடு மகள் கட்டியது. ஒன்பது ஆண்டுகள் அரபு நாட்டிலே பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கி, மாதந்தோறும் அனுப்பிய பணத்தால் எழுந்த சுவர்கள் அவை. தாய் உறுதி முடிக்காமற் கண்ணை மூடினால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமைக் கட்டளைச் சட்டப்படி வளவு எல்லா வாரிசுகளுக்கும் பங்காகும். சகோதரர்கள் இருக்கிறார்கள், மகளின் உழைப்புக்கு எந்தக் கடதாசியிலும் கணக்கில்லை.

மூதாட்டியோடு சாட்சிகள் இருவர் வந்திருந்தனர். ஒருவர் அடுத்த வளவுக்காரர். மற்றவர் தம்பிலுவில்லைச் சேர்ந்த தமிழ் விவசாயி. சாகாமத்திலே அவருடைய வரம்பும் இவர்களுடைய வரம்பும் ஒன்றையொன்று தொடுபவை. 1990இல் இரு சமூகத்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய கொடுங்காலத்தையும் கடந்து நின்ற அறிமுகம் அது.

நொத்தாரிசு நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். அட்டையை வாங்கிப் பார்த்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது உப்புநீரில் ஊறிய அட்டை அது. படம் வெளிறிய நிழலாகி விட்டது. இலக்கத்தின் கடைசி எண்கள் கரைந்து போயின. எஞ்சி நிற்கும் பெயரும் உறுதியிலுள்ள பெயரோடு எழுத்துக்கெழுத்து ஒத்துவரவில்லை.

“உம்மா, உங்களை எனக்குத் தெரியும். உங்கட வாப்பாவையும் தெரியும். ஆனா இந்த அட்டையை வைச்சு நான் உறுதி முடிக்க ஏலாது” என்றார்.

“என்னைத் தெரியும் எண்டு சொல்றீங்க. பிறகு ஏன் தம்பி அட்டையைக் கேக்கிறீங்க?” என்று மூதாட்டி கேட்டார்.

அவருடைய கேள்விக்கு அந்த அறையிலே விடை இல்லை. நொத்தாரிசைக் குறை கூறுவதில் பயனுமில்லை. அவர் சட்டத்துக்கு அஞ்சுகிறவர். விடை சொல்ல வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். இந்நாட்டிலே காணியைக் கைமாற்றும் எழுத்து எதுவும், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட்டால் மட்டுமே செல்லும். இதனை விதித்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஏழை எளியவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் கைச்சீட்டுக்குச் சட்டத்தின் கண்ணிலே எந்தப் பெறுமதியும் இல்லை என்பது இதன் மறுபக்கம். அதே 1840இல், அதே வெள்ளை ஆட்சி, 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் பிறப்பித்தது. காடும் தரிசும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது அச்சட்டம். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்து வந்த குடியானவனிடம் “பத்திரம் எங்கே?” என்று கேட்டார்கள். பத்திரம் இல்லை. நிலம் முடிக்குப் போயிற்று. முடியிடமிருந்து கோப்பித் தோட்டத் துரைக்குப் போயிற்று. மோசடியைத் தடுக்கச் சட்டம் செய்த அதே ஆண்டில், நாட்டின் மாபெரும் நிலப்பறிப்புக்கும் சட்டம் செய்தவர்கள் அவர்கள்! காகிதம் இந்நாட்டு உழவனுக்கு அறிமுகமானதே அவனை வெறுங்கையனாக்கும் கருவியாகத்தான்.

ஆயினும், அந்த அந்நியன்கூட ஒரு விடயத்தை உணர்ந்திருந்தான். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், உறுதி முடிப்பவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகள் இருவராவது அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தச் சாட்சிகள் நன்மதிப்புடையவர்களா, உறுதி முடிப்பவரின் சரியான பெயர், தொழில், வதிவிடம் ஆகியவற்றை அறிந்தவர்களா என்று நொத்தாரிசு திருப்திப்பட வேண்டும். சட்டம் கேட்டது அறிமுகத்தை. அட்டை என்ற பொருள் அப்போது பிறக்கவேயில்லை. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் இந்நாட்டிலே காணிகள் கைமாறின, சீதனங்கள் எழுதப்பட்டன, மரணசாசனங்கள் முடிக்கப்பட்டன. ஒரு மனிதரை இன்னார் என்று சொல்ல இன்னொரு மனிதரின் வாய் போதுமானதாக இருந்தது.

பின்னர் அட்டை வந்தது. முதலில் அறிமுகத்துக்குத் துணையாக நின்றது; மெல்ல மெல்ல அதன் இடத்தையே பிடித்துக்கொண்டது. காணி மோசடிகள் பெருகியதைக் காரணங்காட்டி 2022இல் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமும் அதனோடு தொடர்புடைய சட்டங்களும் திருத்தப்பட்டபோது, அடையாள ஆவணமும் பெருவிரற் பதிவும் கண்டிப்பான கோரிக்கைகளாயின. வழக்கமாக இருந்தது சட்டத்தின் பலத்தைப் பெற்றது.

“இதில் என்ன தவறு? போலி உறுதிகளால் எத்தனை பேர் காணி இழந்திருக்கிறார்கள்? கண்டிப்பு இல்லாவிட்டால் மோசடிக்காரன் பிழைப்பான் அல்லவா?” என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை காண்போம்.

மோசடி உண்டு. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் உரியவர் இல்லாது கிடந்த காணிகளுக்குப் போலி உறுதியும் போலி அற்றோணித் தத்துவமும் முடித்தவர்கள் உண்டு. ஆனால், அவர்கள் யார்? அடையாள அட்டை இல்லாத ஏழைகளா? போலி முத்திரைக்கும் போலி ஒப்பத்துக்கும் கூலி கொடுக்க வல்லவனுக்குப் போலி அட்டைதானா கிடைக்காது? மோசடிக்காரன் நொத்தாரிசிடம் வரும்போது அவனுடைய கடதாசிகள் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கச்சிதமாக இருப்பதுதான் அவன் தொழில். கடதாசி கிழிந்திருப்பதும், எழுத்து மாறியிருப்பதும், படம் அழிந்திருப்பதும் உண்மையாக வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளங்கள். திருடனைப் பிடிக்க விரித்த வலையில் அவன் அகப்படுகிறானோ இல்லையோ, இந்த மூதாட்டி அகப்பட்டுவிட்டார்.

இன்னொரு தரப்பாரும் உண்டு. பழங்காலம் பொற்காலம் என்று பாடுவோர் அவர்கள். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. “ஊரறிந்த ஆள்” என்ற பழைய முறையிலே, ஊர் என்பது யார்? போடியாரும் விதானையும்தான் ஊர். அவர்கள் “தெரியும்” என்றால் ஆள். “தெரியாது” என்றால் ஆளில்லை. வயற்கூலிக்காரன் ஒருவனின் சாட்சியத்தை “நன்மதிப்புடையவர்” சாட்சியமாக எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள்? அட்டை வந்தபோது அது ஒரு சமத்துவ வாக்குறுதியோடுதான் வந்தது. போடியாரின் தயவு இல்லாமலே, குடிமகன் என்ற தகுதியால் நீ இன்னார் என்று அரசு சொல்லும் என்பதே அந்த வாக்குறுதி. அதனால் அட்டையை ஒழிக்கச் சொல்லவில்லை. வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்றுதான் கேட்கிறோம்.

காப்பாற்றப்படவில்லை. அட்டையைப் பெறும் வழியைப் பாருங்கள். விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி வேண்டும். பிரதேச செயலகத்தின் ஒப்பம் வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். மூதாட்டியின் பிறப்பு பதியப்படவில்லை. பிறந்து மூன்று மாதம் கடந்து விட்டால் அது காலங்கடந்த பதிவு; அதற்குத் தனியான விசாரணை, சத்தியக் கடதாசி, பழைய பத்திரங்கள். பதிவேடுகளிலே தேடிப் பார்த்தோம், இல்லை என்பதற்கே ஓர் எழுத்து வேண்டும். இல்லாததை நிரூபிக்கவும் கடதாசி! “எப்போது பிறந்தீர்கள்?” என்று கேட்டால், “பெருவெள்ளத்து வருசம்” என்கிறார். 1957 டிசம்பரிலே கீழ்மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளம் அது. மழை எந்நாளில் விட்டது, தோணி எந்தத் தெருவில் ஓடியது என்றெல்லாம் அவருடைய தாய் சொல்லியிருக்கிறார். தேதி மட்டும் இல்லை. அட்டைக்கோ தேதிதான் உயிர். அதன் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் பொதிந்திருக்கின்றன. பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டிக்கொள்கிறார்கள். முன்பு யாரோ ஓர் இலிகிதர் ஊகித்து எழுதிய நாளைத்தான் அவர் இத்தனை காலமும் சுமந்தார். வீட்டிலிருந்த மற்றப் பத்திரங்களை 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு கூரையோடு சேர்த்துச் சூறாவளி கொண்டு போயிற்று. எஞ்சியதைக் கடல் கொண்டு போயிற்று.

பெயர் மாறியது எப்படி? தமிழிலே சொன்ன பெயரை ஒருவர் சிங்களத்திலே கேட்டார். வேறொருவர் ஆங்கிலத்திலே எழுதினார். மூன்றாமவர் அதைத் தமிழுக்கு மீட்டார். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் மட்டும் என்றது. தமிழும் அரச கரும மொழி என்ற ஏற்பாடு 1987இலேதான் யாப்புக்குள் வந்தது. இந்த முப்பது ஆண்டு இடைவெளியிலே தமிழ் பேசும் மக்களின் பெயர்கள் எத்தனை கோலம் பூண்டனவோ! லெப்பை இருக்கும் இடத்தில் லெவ்வை நிற்கிறது. தகப்பன் பெயர் தன் பெயராகிவிட்டது. எழுதியவர் அரசாங்க உத்தியோகத்தர். பிழைக்குத் தண்டனை அனுபவிப்பவர் எழுதத் தெரியாத மூதாட்டி. பிழையைத் திருத்த அவர் அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி போகிறது.

இனி, அரசின் கையிலே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூதாட்டியின் வளவு உறுதி அழிந்தபோது, அதன் இணைப்பிரதி காணிப் பதிவகத்திலே பத்திரமாக இருந்தது. கட்டணம் கட்டியதும் பிரதி கிடைத்தது. மூதாட்டியின் முதல் அட்டை விண்ணப்பமும் படமும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் தரப்பட்டவைதாமே? அவற்றைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை யாருடையது? திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் நாட்டின் மறுகரையில், பத்தரமுல்லையில் இருக்கிறது. தன் அலுமாரியைத் தான் திறந்து பாராது, சாகாமத்து மூதாட்டியை நோக்கி “நீ யார் என்று நிரூபி” என்கிறது அரசு. மண்ணுக்குப் பிரதி வைத்துக் காத்த இராச்சியம், மனிதருக்கு வைத்த பிரதியை மறந்து விட்டது.

அதே அரசுக்கு வேண்டியபோது மூதாட்டியை நன்றாகத் தெரியும். தேர்தல் வருகிறது, செல்லுபடியான அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அட்டை கொடுக்கிறது. கிராம உத்தியோகத்தர் வழியாகவே வேலை முடிகிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்போம். ஆனால், நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்யப் போதுமான அடையாளம், நான்கு சுவரைத் தன் மகளுக்குக் கொடுக்க மட்டும் ஏன் போதாது? மகளை அரபு நாட்டுக்கு அனுப்பியபோது கடவுச்சீட்டு கிடைத்ததே! அவள் அனுப்பும் செலாவணி நாட்டுக்குத் தேவை. அந்தச் செலாவணியாற் கட்டிய வீட்டுக்கு அவளை உரிமையாக்கும் அவசரம் மட்டும் யாருக்கும் இல்லை.

மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இம்மாவட்டமே சான்று. கடற்கோளிலே அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாமல் மரண அத்தாட்சி கொடுப்பதெப்படி என்று அரசு கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றிற்று. உறவினரின் சத்தியக்கூற்றும் ஊர் விசாரணையும் ஏற்கப்பட்டன. உடலே கிடைக்காதவர் இறந்துவிட்டார் என்று அயலவர் சொல்லக் கேட்டு நம்ப முடிந்தது. உடலோடும் உயிரோடும் எதிரே நிற்பவர் இன்னார்தான் என்று அதே அயலவர் சொன்னால் மட்டும் நம்ப முடியவில்லையா?

இது சாகாமத்தின் கதை மட்டுமன்று. மலையகத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிடம் தகப்பன், பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டது. தொடர்ந்து 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரசாவுரிமை பெற்றவர் சுமார் 134,000 பேர் மட்டுமே. தேயிலைச் செடி ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்த தோட்டம், அதை நட்டவன் வந்த நாளுக்குச் சான்று தரவில்லை. பிரித்தானியாவைப் பாருங்கள். கரிபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி குடியேறி வாழ்ந்த கறுப்புத் தொழிலாளரிடம் வதிவுக்குச் சான்று கேட்டு, வேலையையும் மருத்துவத்தையும் பறித்து, சிலரை நாடு கடத்தவும் செய்தது அந்நாட்டு அரசு. அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளைக் காட்டும் அட்டைகளை 2010இல் அழித்தது அதே அரசின் உள்துறை என்பது 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. அசாமைப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 31ஆம் நாள் வெளியான குடிமக்கள் பதிவேட்டிலே பத்தொன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம் பெறவில்லை. எழுத்துப் பிழையும் வெள்ளத்திற் போன பத்திரமும் அவர்களிற் பலருடைய குற்றங்கள்.

இவை அனைத்திலும் ஒரே விதி ஓடுகிறது. பதிவு செய்வது அரசின் கடமை. பதிவு இல்லாததற்குத் தண்டனையோ மக்களுக்கு. அந்தத் தண்டனையும் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. வசதி படைத்தவனின் அட்டை தொலைந்தால் வாகனமும் வழக்கறிஞரும் பணமும் சேர்ந்து புதிய அட்டையைக் கொண்டுவந்து தருகின்றன. ஏழையின் அட்டை தொலைந்தால் ஏழையே தொலைந்து போகிறான். பெருவிரற் பதிவிலும் இதே கதைதான். நாற்று நட்டும் தும்பு திரித்தும் தேய்ந்த விரலிலே ரேகை எங்கே தெளிவாக இருக்கிறது?

எனவே நாம் கேட்பவை சில. செல்லுபடியான அட்டை இல்லாதவரின் உறுதியை, அவரை நேரில் அறிந்த சாட்சிகளின் சத்தியக்கூற்று, அந்த வேளையில் எடுத்த படம், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி ஆகியவற்றோடு முடிக்கச் சட்டத்திலே தெளிவான வழி வேண்டும். அப்படி முடித்த நொத்தாரிசுக்கு, அவர் நேர்மையாக நடந்திருந்தால், பாதுகாப்பு வேண்டும். உழைப்பவர் சாட்சியமும் நன்மதிப்புடையோர் சாட்சியமே என்பது எழுத்திலே வரவேண்டும். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குச் சான்று தேடும் பொறுப்பைப் பதிவாளர் ஏற்க வேண்டும். உத்தியோகத்தர் செய்த எழுத்துப் பிழையைக் கட்டணமின்றித் திருத்த வேண்டும். நடமாடும் சேவை என்பது அரசியல்வாதியின் படத்தோடு எப்போதாவது வரும் திருவிழாவாக இல்லாமல், குறித்த நாளிலே, மக்களின் மொழியிலே, சாகாமம் போன்ற ஊருக்குள்ளேயே வரவேண்டும்.

சட்டம் மாறும் வரை நாம் என்ன செய்வது? ஆசிரியர்களே, உங்கள் பாடசாலையின் பழைய சேர்விடாப்புகளைக் கறையானுக்கு விடாதீர்கள். வேறெந்தப் பத்திரமும் இல்லாத ஒருவரின் வயதுக்கு அதுவே சான்றாகலாம். மாணவர்களே, விடுமுறையிலே உங்கள் கிராமத்தின் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய அட்டை அழிந்திருக்கிறது, யாருடைய பிறப்புப் பதியப்படவில்லை, யாருடைய பெயர் மாறியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். காரியாலயத்துக்கு உடன் செல்லுங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்திலே கேளுங்கள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பாராதீர்கள். சாட்சி சொல்ல வந்த தம்பிலுவில் விவசாயி பார்க்கவில்லை.

மூதாட்டியின் உறுதி இன்னும் முடியவில்லை. அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது; மார்புச் சளி வேறு. மகள் வாரந்தோறும் ஒரு நாட்கூலியை விட்டுவிட்டு, தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு காரியாலயங்களுக்கு ஏறி இறங்குகிறாள். அடுத்த முறை அவர்களோடு நம்மில் ஒருவராவது போக வேண்டும்.